மறு: ‘ரெஜீம் சேஞ்ச்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

> ‘ரெஜீம் சேஞ்ச்’ என்பதற்குத்தான் ‘ஆட்சி மாற்றம்’ இருக்கிறதே. இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல் இருப்பதுதான் சிக்கலே. ஐந்தாண்டுக்கு ஒரு முறை விரலில் மை வைத்துக்கொண்டு நாம் செய்வதும் ஆட்சி மாற்றம். 2003 ஏப்ரலில் அமெரிக்க டாங்கிகள் பாக்தாத்துக்குள் நுழைந்து செய்ததும் ஆட்சி மாற்றமா? செய்தி மொழிபெயர்க்கும்போது இந்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிடுகிறது. 1998-இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட ஈராக் விடுதலைச் சட்டம், சதாம் ஆட்சியை அகற்றும் முயற்சிகளை ஆதரிப்பதே அமெரிக்கக் கொள்கை என்று எழுதியே வைத்துவிட்டது. ‘மாற்றம்’ என்று போட்டால் மாறியது தெரிகிறது, மாற்றியது யார் என்பது மறைந்துவிடுகிறது.

> 2011-இல் அரபு நாடுகளில் எழுந்த முழக்கம் ‘மக்கள் அரசின் வீழ்ச்சியை விரும்புகிறார்கள்’ என்பதுதானே?

அக்கா, இதில் இரண்டு இடம் உதைக்கிறது. மூலம் ‘அஷ்ஷஅபு யுரீது இஸ்காத் அந்நிஸாம்’. துனிசியாவில் கிளம்பி, கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஊர் முழுக்கக் கேட்ட முழக்கம்.

முதலில் ‘நிஸாம்’. ஒழுங்கு, முறை என்று பொருள். நமக்குப் புதிய சொல்லும் இல்லை: ஐதராபாத் நிஜாமும், நம் தெருக்களில் இருக்கிற நிஜாமுதீன்களும் அதே வேர்தான். அதை ‘அரசு’ என்று பெயர்த்தால் லெபனானில் மாட்டிக்கொள்வோம். 2011-இல் அங்கேயும் கூட்டம் தெருவுக்கு வந்து ‘மதப்பிரிவு நிஸாம்’ ஒழிய வேண்டும் என்றது. ஆனால் அங்கே இறக்குவதற்கு, எகிப்தின் அதிபர் முபாரக் போல ஒருவர் கிடையாது. அதிபர் மாரோனியக் கிறித்தவர், பிரதமர் சுன்னி, நாடாளுமன்றத் தலைவர் ஷியா என்று 1943-இல் தொடங்கிய பங்கீட்டு ஏற்பாடு அது. ஆள் மாறிக்கொண்டேதான் இருப்பார், நிஸாம் அப்படியே இருக்கும்.

எகிப்தில் இதையே எதிர்ப்பக்கமாகப் பார்க்கலாம். 18 நாள் போராட்டத்துக்குப் பின் 2011 பிப்ரவரி 11 அன்று முபாரக் போனார். அதிகாரம் ராணுவத்தின் உச்ச மன்றத்துக்குப் போயிற்று. ஆண்டுக்கு 130 கோடி டாலர் அமெரிக்க ராணுவ உதவி பெற்றுவந்த அதே ராணுவம். அரசு வீழ்ந்தது என்று எழுதலாம். நிஸாம் வீழ்ந்தது என்று எழுத முடியுமா?

அப்புறம் 2013 ஜூலை 3. தேர்தலில் வென்ற அதிபர் மோர்சியை ராணுவம் இறக்கியது. வாஷிங்டன் அதை ‘ராணுவப் புரட்சி’ என்று சொல்லவே இல்லை. சொன்னால், அவர்கள் சட்டப்படியே உதவியை நிறுத்த வேண்டும். அக்டோபரில் கொஞ்சம் நிறுத்திவைத்தார்கள், 2015-இல் விடுவித்துவிட்டார்கள். இந்தக் குழுவில் ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் சண்டை போடுகிறோம் என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்க: அங்கே ஒரு சொல்லின் விலை 130 கோடி டாலர்.

சரி, ‘ரெஜீமு’க்கு வருவோம். ‘ஆட்சியமைப்பு’ என்றால் தேர்தல் முடிந்து ஆளுநரைப் பார்க்கப் போகிற காட்சிதான் கண்ணில் வருகிறது. ‘ஆட்சிக்கட்டு’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் ‘ஆட்சிக்கட்டில்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனது என்று பிழை திருத்துபவர் சேர்த்துவிடுவார். அதனால் என் பரிந்துரை அதிகாரக்கட்டு. தலைவர், ராணுவம், உளவுத்துறை, ஒப்பந்தக்காரர்கள் எல்லோரையும் சேர்த்துக் கட்டிய கட்டு. வினையும் தானாக வருகிறது: கட்டு தளரும், குலையும், அவிழும்.

இரண்டாவது ‘இஸ்காத்’. அரபியில் ‘சுகூத்’ என்றால் வீழ்ச்சி, ‘இஸ்காத்’ என்றால் வீழ்த்தல். நம் தன்வினை, பிறவினை போலவே. கெய்ரோ மக்கள் அது விழட்டும் என்று காத்திருக்கவில்லை, நாங்கள் வீழ்த்துகிறோம் என்றார்கள். ஆகவே ‘மக்கள் விரும்புவது அதிகாரக்கட்டை வீழ்த்த’. வேடிக்கை என்னவென்றால், 2003-இல் நடந்ததற்கு அரபியில் வழங்கும் பெயர் ‘சுகூத் பக்தாத்’. பாக்தாத் தானாகவா விழுந்தது!

வெளியார் செய்வதற்கு அயல்வழிக் கவிழ்ப்பு என்று வைக்கலாமா? ‘அயற்கவிழ்ப்பு’ சுருக்கம்தான், பல்லில் சிக்குகிறது.

---

> அதிகாரக்கட்டு நன்று. ஆனால் தம்பி, லிபியாவில் உங்கள் சொல் என்ன செய்யும்? பெங்காசியில் எழுந்தவர்கள் அயலார் இல்லையே. அதோடு, கலைச்சொல்லே தீர்ப்பும் சொல்லிவிடக் கூடாது.

ஐயா, லிபியாவில் அது திணறத்தான் செய்யும். 2011 பிப்ரவரியில் கடாபியின் ஆட்சிக்கு எதிராக எழுந்தது லிபிய மக்கள். மார்ச் 17 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் நிறைவேற்றிய 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம், குடிமக்களைக் காக்க என்றுதான் சொன்னது. இந்தியா உட்பட ஐந்து நாடுகள் வாக்களிக்கவில்லை. ஏப்ரலிலேயே அமெரிக்காவின் ஒபாமா, பிரிட்டனின் கேமரன், பிரான்சின் சார்க்கோசி மூவரும் சேர்ந்து கட்டுரை எழுதி, கடாபி இருக்கும்வரை லிபியாவுக்கு எதிர்காலம் இல்லை என்கிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆக, மக்கள் தொடங்கிய வீழ்த்தல், நடுவழியில் அயல்வழிக் கவிழ்ப்பு ஆனது. இரண்டு சொல்லும் வேண்டும். ஒன்றுக்குள் அடைக்க வேண்டாம்.

தீர்ப்பு பற்றிச் சொன்னது யோசிக்க வேண்டியதுதான். ஆனால் இருக்கிற ஆட்சியைத் தாங்கும்போது வல்லரசுகள் சொல்கிற ‘நிலைத்தன்மை’ மட்டும் நடுநிலைச் சொல்லா? 2005-இல் கெய்ரோவுக்கே வந்து அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் ஒப்புக்கொண்டார்: 60 ஆண்டுகளாக மக்களாட்சியை விலையாகக் கொடுத்து நிலைத்தன்மையைத் தேடினோம், இரண்டுமே கிட்டவில்லை என்று. 2011 ஜனவரியில், துனிசிய அதிபர் பென் அலி தப்பியோடுவதற்குச் சில நாள் முன்பு, பிரான்சின் வெளியுறவு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, எங்கள் காவல்துறையின் அனுபவத்தைத் துனிசியாவுக்குத் தரலாம் என்றார். பஹ்ரைனில் மக்கள் போராடியபோது, மார்ச் மாதம் மன்னராட்சிக்குத் துணையாகச் சவூதிப் படை பாலம் கடந்து வந்தது, போராட்டக்காரர்கள் கூடிய முத்துச் சதுக்கத்தின் நினைவுச்சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். அமெரிக்காவின் ஐந்தாம் கடற்படைப் பிரிவு அந்தத் தீவில்தான் இருக்கிறது. அங்கே கவிழ்ப்பு பற்றிப் பேச்சே இல்லை.

வெளியார் ஓர் அதிகாரக்கட்டை விழாமல் தாங்குகிற இந்த வேலைக்கு நாம் புதுச்சொல் ஆக்கவே வேண்டாம். சாய்கிற சுவருக்குக் கட்டை வைப்பதற்கு ஊரில் என்ன சொல்வோம்? முட்டுக்கொடுப்பு. இது தீர்ப்புச் சொல்தான், ஒத்துக்கொள்கிறேன். அறிக்கையை மொழிபெயர்க்கும்போது ‘நிலைத்தன்மை’ என்றே போடுவேன், அது அவர்கள் வாய்ச்சொல். கட்டுரை எழுதும்போது மட்டும் முட்டுக்கொடுப்பு.

---

> ‘அயல்வழி’ என்பது அஞ்சல்வழிக் கல்வி மாதிரி இருக்கிறதே!

அக்கா, இனி அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் சிரிப்பு வரும். ‘அயலார் கவிழ்ப்பு’ என்று மாற்றிக்கொள்கிறேன். விக்சனரி இணைய அகராதியில் இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். ஒரு மாதம் செய்திகளில் போட்டு எழுதிப் பார்த்துவிட்டு வருகிறேன்.