பின்கட்டு ஷீட்டை உடைக்க வேண்டாம்

"நம்ம குடும்பம்" குழு, சனிக்கிழமை

ராஜேந்திரன் பெரியப்பா, காலை 7:42
அனைவருக்கும் வணக்கம். பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நாளைக்குப் பிரிக்கிறோம். தகரம் வந்து இறங்கிவிட்டது. கார்த்தி, பையன்களைக் கூட்டிக்கொண்டு வா. மேலே இருந்து தட்டிவிட்டால் உடைந்து விழும். பொறுக்கிப் போட ஆள் வேண்டும்.

கார்த்தி, 7:50
சரி பெரியப்பா, வந்துவிடுகிறோம். துண்டுகளை எங்கே போடுவது?

ராஜேந்திரன் பெரியப்பா, 7:53
துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பள்ளமாகச் சேறாகக் கிடக்கிறது. அதில் கொட்டி மண்ணைத் தள்ளிவிடலாம்.

ரம்யா சிட்னி, 8:05
பெரியப்பா, தயவுசெய்து உடைக்க வேண்டாம். நான் இங்கே பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும் கம்பெனியில் பாதுகாப்பு வேலைதான் பார்க்கிறேன். இந்த மாநிலத்தில் பத்து சதுர மீட்டருக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கழற்ற லைசென்ஸ் வேண்டும். நம் பின்கட்டு அதைவிடப் பெரிது.

ராஜேந்திரன் பெரியப்பா, 8:09
உன் அப்பாவும் நானும் ஏறி மாட்டிய கூரை அம்மா அது. அதன் கீழேதான் இத்தனை வருடம் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாருக்கு என்ன ஆனது?

ரம்யா சிட்னி, 8:16
முழு ஷீட்டின் கீழே உட்கார்ந்திருப்பது வேறு பெரியப்பா. அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ஆஸ்பெஸ்டாஸ் நார். மற்றது சிமெண்ட், அது நாரைப் பிடித்து வைத்திருக்கும். உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், பாசியைச் சுரண்டினால் நார் காற்றில் கலந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, இருமல்கூட வராது. நுரையீரலின் அடிவரை போய்க் குத்திக்கொள்ளும். உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. சுற்றிலும் தழும்பு கட்டி நுரையீரல் இறுகிப்போகும். சிலருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும். சிலருக்கு நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வரும். பெரும்பாலும் 20, 30, 40 வருடம் கழித்துத்தான் தெரியும். "இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று எல்லோரும் நினைப்பது அதனால்தான்.

கார்த்தி, 8:20
இது சமீபத்தில் கண்டுபிடித்ததா அக்கா?

ரம்யா சிட்னி, 8:31
இல்லை கார்த்தி, எனக்குக் கோபமே அதில்தான். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்றார். 1924இல் 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் துகள் இருந்ததை வில்லியம் குக் என்ற மருத்துவர் அதே வருடம் மருத்துவ இதழில் எழுதினார். ஈமச்சடங்குக்குக்கூட அந்த ஆலை காசு தரவில்லை. 1931இல் அங்கே தூசிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. முழுத் தடை வந்தது 1999இல். நடுவில் எத்தனை பேர் போனார்கள்!

இங்கே ஆஸ்திரேலியாவில் விட்டெனூம் என்று ஒரு ஊர், நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம். 1966இல் மூடினார்கள். சுரங்கத் தூளை ஊருக்குள் தெருவிலும் வீட்டு முற்றத்திலும் பரப்பி வைத்திருந்தார்கள். அதில் விளையாடிய குழந்தைகள் வளர்ந்த பிறகு நோயில் விழுந்தார்கள். நீங்கள் பள்ளத்தில் கொட்டுவதாகச் சொன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது பெரியப்பா.

சிவகாமி அத்தை, 8:44
ரம்யா, உங்கள் மாமா கல்யாணமான புதிதில் ஷீட் கம்பெனியில்தான் இருந்தார். சாயங்காலம் சட்டை, தலைமுடி எல்லாம் வெள்ளையாக வருவார். சட்டையை உதறிவிட்டுத்தான் ஊற வைப்பேன். கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியதற்குப் பீடிதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். எங்கே வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை.

ரம்யா சிட்னி, 8:58
அத்தை, மாமாவுக்கு என்ன இருந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியாது. பீடியும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும் என்பது மட்டும் நிச்சயம்.

உங்களைப் பற்றித்தான் எனக்கு இப்போது கவலை. லண்டனில் 1965இல் மீசோதீலியோமா நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஆலைக்குள் ஒரு நாளும் வேலை செய்யாதவர்களுக்கும் அது இருந்தது. அவர்களில் சிலர் கணவரின் வேலைத் துணியைத் துவைத்த பெண்கள். துவைத்த எல்லோருக்கும் வருவதில்லை அத்தை, பயப்படாதீர்கள். ஆனால் நுரையீரல் டாக்டரைப் போய்ப் பாருங்கள். அவர் கேட்காவிட்டாலும் இந்தத் துணி விஷயத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

சிவகாமி அத்தை, 9:01
சரிம்மா. படி ஏறினால் கொஞ்சம் இழுக்கிறது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன்.

கார்த்தி, 9:03
அத்தை, திங்கட்கிழமை நான் வந்து கூட்டிப் போகிறேன். மாமாவின் பழைய இஎஸ்ஐ அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள்.

ரம்யா சிட்னி, 9:07
அட்டையைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். இந்த வேலை செய்தவர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம் அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

ராஜேந்திரன் பெரியப்பா, 9:15
இவ்வளவு கெடுதல் என்றால் கடையில் ஏன் இன்னும் விற்கிறார்கள்?

ரம்யா சிட்னி, 9:24
மலிவு, பெரியப்பா. உலகத்திலேயே அதிகமாக ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதி செய்வது நம் நாடுதான். ரஷ்யாவிலிருந்து நிறைய வருகிறது. விற்கிற நாடும் சும்மா விடாது. இலங்கை 2018 முதல் இறக்குமதியைக் குறைக்கத் தயாரானது. 2017 டிசம்பரில் ரஷ்யா, சரக்கில் வண்டு இருந்தது என்று சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கை ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிப்போட்டது, தேயிலைத் தடையும் விலகியது. கூலிக்காரர் நுரையீரலை அந்தப் பேச்சில் யார் நினைத்தார்கள்?

ராஜேந்திரன் பெரியப்பா, 9:31
சரி, நாளைக்கு வேண்டாம். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். எப்படிப் பிரிப்பது என்று எழுது.

ரம்யா சிட்னி, 9:46
காற்று அடிக்காத நாளாகப் பாருங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வர வேண்டாம். ஷீட் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது, பழையது ஆள் பாரம் தாங்காது. கீழே சாரம் கட்டி அதில் நின்று செய்யட்டும். முதலில் சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும். பைப்பில் வேகமாகப் பீய்ச்ச வேண்டாம். போல்ட்டைக் கழற்றி ஷீட்டை முழுசாகவே இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி டேப் ஒட்டுங்கள். கைக்குட்டை போதாது, மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் எஃப்எஃப்பி2 மாஸ்க் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் கட்டிப் போடுங்கள். போட்டிருந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கட்டி வைத்ததை எங்கே சேர்ப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சிவகாமி அத்தை, 9:52
அண்ணா, கோழிக்கூண்டு மேலே ஒரு துண்டு இருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள்.

கார்த்தி, 9:55
எதிர்வீட்டு மாமா ஆட்டுக்கொட்டகைக்குப் பழைய ஷீட் கேட்டிருந்தாரே பெரியப்பா?

ரம்யா சிட்னி, 9:57
கொடுக்காதீர்கள். அளவுக்கு வெட்டித்தான் போடுவார்.

ராஜேந்திரன் பெரியப்பா, 10:02
மிச்சத் தகரத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். நீ எழுதியதை அவருக்கும் மேஸ்திரிக்கும் அனுப்புகிறேன். கார்த்தி, பிளாஸ்டிக் வாங்கும்போது தடிமனைப் பார்த்து வாங்கு.