வழக்கு முடிந்த பிறகும் வளர்கிற மனிதர்கள்: வரலாற்று மர்மத் தொடர்களோடு எங்கள் அனுபவங்கள்

தக்கலையிலிருந்து, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்:

துப்பறியும் கதையில் கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகத்தை மறுபடி கையில் எடுக்கப் பொதுவாக யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய சகோதரர் காட்ஃபேல் தொடரை, இடவப்பாதி மழை தொடங்கியதும் நான் அலமாரியிலிருந்து இறக்கிவிடுவேன். அதில் வரும் கொலையாளிகள் அத்தனை பேரும் எனக்கு மனப்பாடம். அப்படியிருந்தும் அந்த நூல்கள் என்னை விடாமல் இழுப்பதற்குக் காரணம், வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிந்துகொண்டே போக, அவற்றின் நடுவே நிற்கும் மனிதர்களுக்கு வயதாகிக்கொண்டே போவதுதான்.

தொடரைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1977 முதல் 1994 வரை 20 நாவல்கள் வெளிவந்தன. கதை 1137-இல் தொடங்கி 1145-இல் முடிகிறது. இங்கிலாந்தின் அரியணைக்காக ஸ்டீபன் மன்னரும் மட்டில்டாவும் நாட்டையே இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. காட்ஃபேல் வேல்ஸ் நாட்டவர். இளமையில் சிலுவைப் போருக்குப் போய், கடலோடியாகவும் அலைந்து, நடுவயதில் ஷ்ரூஸ்பரி நகரத்து பெனடிக்டின் மடத்தில் துறவியானவர். மடத்தின் மூலிகைத் தோட்டமும் மருந்து வடிக்கும் கொட்டகையும் அவர் பொறுப்பு.

இரண்டாம் நாவலில் வரும் ஓர் இடத்தை நான் மறக்கவே முடியாது. 1138-இல் ஸ்டீபன் மன்னர் ஷ்ரூஸ்பரிக் கோட்டையைப் பிடித்து, உள்ளே எதிர்த்து நின்றவர்களைக் கூட்டமாகத் தூக்கிலிட்டது வரலாறு. நாவலில், அந்த உடல்களைக் கிடத்தி அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யப் போகிற காட்ஃபேல் ஒவ்வொன்றாக எண்ணுகிறார். 94 இருக்க வேண்டிய இடத்தில் 95 இருக்கின்றன. ஊரே பிணக்காடாகக் கிடக்கும்போது ஒரு பிணம் கூடுதலாக இருந்தால் யாருக்கு என்ன என்றுதான் அதிகாரிகள் கேட்கிறார்கள். அரசாணையால் இறந்தவர்களுக்கு நடுவே, கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனை ஒளித்துவைத்துவிட்டு ஒருவன் நிம்மதியாக நடமாடுவதை காட்ஃபேலால் பொறுக்க முடியவில்லை. போர்க்காலத்தில் ஒரு தனி உயிருக்குக் கணக்குக் கேட்பது என்றால் என்ன என்பதை, வகுப்பில் நான் நடத்திய எந்தப் பாடத்தையும்விட அந்தச் சில பக்கங்கள் தெளிவாகச் சொல்கின்றன.

அதே நாவலில்தான் ஹியூ பெரிங்கர் அறிமுகமாகிறான். இளைஞன், கூர்மையான புத்திக்காரன், யார் பக்கம் நிற்கிறான் என்று பிடிகொடுக்காதவன். காட்ஃபேல் அவனை நம்புவதில்லை, நாமும் நம்புவதில்லை. கதையின் பெரும்பகுதியில் இருவரும் ஒருவரையொருவர் ஏய்க்கப் பார்க்கிறார்கள். அவனே பின்வரும் நூல்களில் துணை ஷெரிஃபாகவும், பிறகு ஷெரிஃபாகவும் உயர்கிறான், மணமாகிறது, பிறக்கும் மகனுக்கு காட்ஃபேல் ஞானத்தந்தையாகிறார். சந்தேகத்தில் தொடங்கிய உறவு, சட்டத்தைக் காப்பவனும் சமயத்தை ஏற்றவரும் இராப்பொழுதில் ஒரு கோப்பை மதுவோடு உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும் நட்பாகிறது. ஒரே நாவலுக்குள் எதிராளியை நண்பனாக்கிவிட எந்த எழுத்தாளராலும் முடியும்; ஆனால் பல நூல்களின் ஊடே, பல குளிர்காலங்கள் கடந்து அந்த நட்பு முதிரும்போது வரும் கனம் அதற்கு வராது.

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் போகும்போதெல்லாம் எனக்கு ஹியூவின் நினைவு வரும். அங்கே அடங்கியிருக்கும் டி லனாய், 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். தம்மைச் சிறைபிடித்த மன்னரின் படைக்கே பயிற்சி அளித்து, கோட்டைகளைப் பலப்படுத்தி, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) என்று பெயர் பெற்று, 1777-இல் இந்த மண்ணிலேயே இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். மனைவியும் மகனும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இடையில், அவரிடமிருந்து கிறிஸ்தவ சமயத்தை அறிந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, 1745-இல் திருமுழுக்குப் பெற்று தேவசகாயமாகி, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் கால் நூற்றாண்டு டி லனாய் அதே அரசுக்குப் பணி செய்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் அவர் மனம் எப்படியெல்லாம் மாறியிருக்கும், யாரோடு உட்கார்ந்து பேசியிருப்பார் என்பதைக் கல்வெட்டு சொல்லாது. இத்தகைய ஒரு வாழ்வை ஒற்றை நாவலில் அடைக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு நூல்களாக விரித்து எழுத வேண்டும். பகைவனாக ஒரு நூலில், கைதியாக மறு நூலில், தளபதியாகவும் தந்தையாகவும் பிந்தைய நூல்களில் அவரைக் காண எனக்குப் பேராசை உண்டு.

நாகர்கோவிலிலிருந்து, வழக்குரைஞர்:

சாரின் பதிவைப் படித்துவிட்டு என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. நான் இந்த உலகத்துக்குள் வந்தது பெர்வீன் மிஸ்திரி வழியாக. எழுதியவர் சுஜாதா மாசி. (நம்முடைய சுஜாதா வேறு, இவர் வேறு.) 1921-ஆம் ஆண்டுப் பம்பாய். பெர்வீன் பார்சிப் பெண்; தந்தையின் அலுவலகத்திலேயே சட்டத் தொழில் செய்கிறாள். ஆவணம் எழுதலாம், கட்சிக்காரரோடு பேசலாம். ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட அவளுக்கு உரிமை இல்லை. முதல் கதையில், கோஷா முறைப்படி வாழும் மூன்று விதவைகள் தங்கள் சொத்துரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்திட்ட காகிதம் ஒன்று அவள் மேசைக்கு வருகிறது. கையெழுத்துகளைப் பார்த்ததும் அவளுக்கு ஐயம் எழுகிறது. ஆண் வழக்குரைஞர் எவரும் அந்த வீட்டுத் திரைக்குப் பின்னால் போய் அந்தப் பெண்களிடம் உண்மையைக் கேட்க முடியாது, பெர்வீனால் முடியும். அவளுக்குக் குறையாக இருந்ததே அங்கே அவளுடைய தகுதியாகிறது.

இந்தியாவில் பெண்கள் வழக்குரைஞராகத் தொழில் செய்வதற்கிருந்த தடையை நீக்கும் சட்டம் 1923-இல் வந்தது. நமக்கு அது தெரியும். 1921-இல் நிற்கும் பெர்வீனுக்குத் தெரியாது. அடுத்தடுத்த நூல்களில் அவள் அந்த ஆண்டை நோக்கி மாதம் மாதமாக நகர்வதைப் படிக்கும்போது, கொலை மர்மத்தைவிட இந்தக் காத்திருப்புதான் என்னைப் படபடக்க வைத்தது. 1937-இல் நம் மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூரில் அன்னா சாண்டி முன்சீஃபாகி, இந்தியாவின் முதல் பெண் நீதிபதி என்று பெயர் பெற்றார். பெர்வீனுக்கும் அவருக்கும் நடுவே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுத் தூரம்தான் என்று கணக்குப் பார்த்தபோது, கருப்பு அங்கியை மாட்டுகிற ஒவ்வொரு காலையிலும் நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்த ஒன்றின் வயது எனக்குப் புலப்பட்டது.

சார் சொன்ன 95-ஆவது உடலின் வழக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யார் செய்தது என்பதை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வழக்கு சாட்சியத்தால் மட்டும் தீர்வதில்லை. அரசர் பார்த்திருக்க இருவர் வாளெடுத்துப் பொருதித் தீர்க்கிறார்கள். வெல்பவன் பக்கமே உண்மை என்பது அக்காலச் சட்டம். சுசீந்திரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. தாணுமாலயன் கோயிலில், குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்து, கை வெந்ததா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் கைமுக்கு வழக்கம் இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில்தான் அது நிறுத்தப்பட்டது. நல்ல வரலாற்று மர்மக் கதை இந்த இடத்தில்தான் என் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது. கதாபாத்திரங்களை நம் காலத்துப் பகுத்தறிவாளர்களாக ஆக்கிவிடாமல், அவர்கள் நம்பியதை அவர்களையே நம்பவிட்டு, அந்த நம்பிக்கைக்குள் நின்றே நீதிக்கு வழி தேடவைக்கிறது.

சி. ஜே. சான்சம் படைத்த மாத்யூ ஷார்ட்லேக்கையும் குறிப்பிடாமல் விட மனமில்லை. கூன் விழுந்த முதுகோடு லண்டனில் வழக்காடும் இந்த மனிதன், 1537-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லின் ஆளாக, மடாலயங்களை ஒழித்தால் நாடு நேராகிவிடும் என்று உண்மையாகவே நம்புகிறவனாக அறிமுகமாகிறான். மரண தண்டனைக்கு ஆளான அரசி ஆன் பொலினுக்கு எதிரான வாக்குமூலம் சித்திரவதையால் வாங்கப்பட்டது என்பதை அறியும்போது அந்த நம்பிக்கை உடைகிறது. 2003 முதல் 2018 வரை வந்த ஏழு நாவல்களிலும் அது மீண்டும் ஒட்டுவதில்லை. மூன்றாம் நூலில் எட்டாம் ஹென்றி ஊரார் கூடிநிற்கும் இடத்தில் அவன் கூனைச் சொல்லி இழிவுபடுத்துகிறார். வேறு நாவலாக இருந்தால் அந்த அவமானம் கடைசிப் பக்கத்தோடு போயிருக்கும். இங்கே அடுத்த நூல்களிலும் அது அவன் கூடவே நடக்கிறது. காட்ஃபேல் வாழ்ந்த ஷ்ரூஸ்பரி மடம் 1540-இல், அதாவது ஷார்ட்லேக்கின் காலத்தில்தான் கலைக்கப்பட்டது. இரண்டு தொடர்களையும் படித்தவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி வலிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

திருவட்டாற்றிலிருந்து, வர்ம வைத்தியக் குடும்பத்தவர்:

காட்ஃபேலின் மூன்றாம் கதையை இங்கே யாரும் சொல்லாததால் நான் எழுதுகிறேன். மூட்டு வலிக்குப் பூசுவதற்காக அவர் தம் கையால் வடித்த தைலமே ஒருவரின் உணவில் கலக்கப்பட்டு உயிரைப் பறிக்கிறது. தைலத்தில் சேர்ந்த வேர், நம் வச்சநாபியின் பேரினத்தைச் சேர்ந்த செடியுடையது. எங்கள் வீட்டில் நாபி சேர்ந்த எண்ணெய்க் குப்பியைத் தாத்தா மற்ற தைலங்களோடு வைக்கமாட்டார். சிவப்புத் துணி கட்டி, மேல்தட்டில் தனியாக வைத்திருப்பார். பூசினால் மருந்து, உள்ளே போனால் எமன் என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். ஆகையால் அந்தக் கதையில், கொன்றது தம்முடைய தைலம் என்று காட்ஃபேல் உணரும் கணத்தில் அவருக்கு ஏற்படும் கலக்கத்தை நான் எளிதில் கடக்க முடியவில்லை. எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய எடித் பார்ஜிட்டர் இளமையில் மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்த்தவர் என்று பின்னர் அறிந்தேன். குப்பியையும் அளவையும் அவர் எழுதும் விதத்தில் அந்தப் பழக்கம் தெரிகிறது. இறந்தவரின் மனைவி, பல்லாண்டுகளுக்கு முன் காட்ஃபேலுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். அவர் தேர்ந்துகொள்ளாத வாழ்க்கை எதிரே வந்து நிற்க, மடத்துக்கே திரும்பிப் போகிறார். அந்த முடிவுக்குப் பிறகு அவரை நான் துப்பறிகிறவராகப் பார்ப்பதில்லை, தெரிந்த பெரியவராகத்தான் பார்க்கிறேன்.

குளச்சலிலிருந்து, கப்பலில் வேலை பார்ப்பவர்:

சாரும் வக்கீல் அக்காவும் வரிசையை மிகவும் வலியுறுத்துவதுபோல் தெரிகிறது. நான் ஆபிர் முகர்ஜியின் கல்கத்தா தொடரை ஐந்தாவது நூலிலிருந்து தொடங்கினேன்; கப்பலில் கிடைத்தது அது ஒன்றுதான். 1923-இல் நடக்கும் அந்தக் கதையை ஆங்கிலேய அதிகாரி விண்டமும் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பானர்ஜியும் மாறி மாறிச் சொல்கிறார்கள். பிறகு ஊருக்கு வந்து, 1919-இல் நடக்கும் முதல் நூலை வாங்கிப் படித்தேன். அங்கே பானர்ஜிக்குச் சொந்தக் குரலே இல்லை. விண்டமின் கண் வழியாகத்தான் அவனைப் பார்க்கிறோம். வெள்ளைக்காரக் காவல்துறையில் அவன் வேலை பார்ப்பதை வீட்டார் ஏற்கவில்லை. நாடு ரௌலட் சட்ட எதிர்ப்பில் கொதிக்கிறது. அவன் தலை குனிந்து வேலையைச் செய்கிறான். பின்னால் அவன் எப்படிப் பேசப்போகிறான் என்று தெரிந்துகொண்டு படித்ததால், முதல் நூலில் அவன் அமைதியாக இருக்கும் ஒவ்வோர் இடமும் எனக்கு இரண்டு மடங்கு பேசியது. ஆகவே கிடைத்த நூலிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

தக்கலையிலிருந்து, மீண்டும்:

தம்பி சொல்வது அந்தத் தொடருக்குப் பொருந்தும் என்று ஒப்புக்கொள்கிறேன். பானர்ஜியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் காட்ஃபேலுக்கு மட்டும் வரிசையை விடக் கூடாது. காரணத்தைச் சொன்னால் கதையின் ஒரு முடிச்சு அவிழும். படிக்கப்போகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். முதல் நூலில், அந்தியோக்கியாவில் காட்ஃபேல் இளமையில் அறிந்திருந்த மரியம் என்ற விதவையின் பெயர் போகிற போக்கில் ஒரு வரியில் வருகிறது. ஆறாம் நூலில் ஒலிவியே என்ற இளம் வீரன் வருகிறான். அவன் மரியத்தின் மகன், தம் மகனும்கூட என்பதை காட்ஃபேல் உணர்ந்து, அவனிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறார். இருபதாம் நூலில் அவன் சிறைப்பட்டான் என்ற செய்தி வந்ததும், மடத்துக்குக் கொடுத்த வாக்கை மீறி அவனைத் தேடிப் புறப்படுகிறார். 1977-இல் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரிக்கு 1994-இல் விலை கொடுக்கப்படுகிறது. அந்தப் பதினேழு ஆண்டும் நூல்களாக நடுவே கிடக்க வேண்டும். கடைசி நூலை முதலில் எடுத்தால், யாரோ ஒரு கிழவர் யாரோ ஒருவனைத் தேடிப் போகிறார் என்ற அளவில் நின்றுவிடும்.

முதல் ஆறு நூல்களும் என்னிடம் வரிசையாக இருக்கின்றன. தக்கலைப் பக்கம் வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம். ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டால் போதும்.