புதுப்பிப்பு: குன்னூர் ஏற்றத்தில் கொதித்த ரேடியேட்டர்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியார் தாண்டியதும் என் பழைய காரின் வெப்பமுள் சிவப்பைத் தொட்டதை முன்பு எழுதியிருந்தேன். 'ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணீரே போதும், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் திரவம்) வீண்செலவு' என்று சிலர் அடித்துச் சொன்னீர்கள்.

குன்னூரில் மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரை வடித்தார். வந்தது செங்காவி நிறத் துருநீர். வாட்டர் பம்பைக் கழற்றினால், இறக்கைகளின் விளிம்பு எலி கடித்ததுபோல் அரித்திருந்தது. கூலன்டில் துருத்தடுப்பு மருந்து சேர்ப்பதே இதற்காகத்தான்.

தண்ணீர்க் கட்சியின் வாதத்தில் பாதி நியாயம் உண்டு. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை, கூலன்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால் மிஞ்சாது. ஆனால் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். சிலிண்டர் தலையை ஒட்டி ஆவிக்குமிழி கட்டினால் அந்த இடத்தில் வெப்பம் இறங்காது. தண்ணீரும் கூலன்டும் சரிபாதி கலந்த கலவையின் கொதிநிலை தண்ணீரைவிட ஏழெட்டு டிகிரி அதிகம். ரேடியேட்டர் மூடி பிடிக்கும் அழுத்தம் இதை இன்னும் உயர்த்தும். என் மூடியின் ரப்பரோ வெடித்துக் கிடந்தது! அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

புது மூடி போட்டு, காய்ச்சி வடித்த நீரோடு கூலன்டைச் சரிபாதி கலந்து ஊற்றினோம். கோத்தகிரி வழியாகவும் ஏறிப் பார்த்தேன். முள் நடுவிலேயே நிற்கிறது.

வீட்டிலேயே கூலன்ட் மாற்றப்போகிற நண்பருக்கு: எஞ்சின் ஆறிய பிறகே மூடியைத் திறங்கள். வடித்ததைத் திறந்த வாளியில் விடாதீர்கள். இனிக்கும் நஞ்சு அது. நாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.