ஆசிட் டேங்குக்கு சீல் இல்லாத மேக்னடிக் பம்ப் போடலாமா?

முலாம்பட்டறை:
ஓசூர் பக்கம் சின்னதாக ஒரு துத்தநாக முலாம் யூனிட் நடத்துகிறோம். 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஸ்டோரேஜ் டேங்கிலிருந்து பிக்லிங் தொட்டிக்கு (இரும்பின் துருவை ஆசிட்டில் நீக்கும் தொட்டி) ஏற்ற மெக்கானிக்கல் சீல் போட்ட பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) பம்ப் இருக்கிறது. சீல் சில மாதம் தாங்கும், அப்புறம் சொட்ட ஆரம்பித்துவிடும், அந்தப் புகையில் பேஸ் பிளேட், போல்ட், மோட்டார் ஃபேன் கவர் எல்லாம் துருவேறி உதிர்கிறது. டீலர் மேக்னடிக் டிரைவ் பம்ப் போடச் சொல்கிறார், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மெயின்டனன்ஸ் பார்ப்பவரோ, "ஒரு தடவை காலி டேங்கில் ஓடினால் அந்தப் பம்ப் அவ்வளவுதான்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? போட்டால் அதே பம்பை வைத்து பிக்லிங் தொட்டி ஆசிட்டையும் சுற்றவிடலாம் என்று நினைக்கிறேன்.

பம்ப்சர்வீஸ்:
இரண்டு பேர் சொல்வதும் சரிதான் சார்.

சாதாரண பம்பில் சுற்றுகிற ஷாஃப்ட் கேஸிங்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது, அந்த இடைவெளியை அடைக்கத்தான் சீல். மேக்னடிக் பம்பில் அந்தத் துளையே கிடையாது. மோட்டார் பக்கம் ஒரு காந்த வளையம், ஆசிட்டைத் தள்ளுகிற சக்கரமான இம்பெல்லரோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கில் பொதிந்த இன்னொரு காந்தம், நடுவில் முழுக்க மூடிய ஒரு கப். வெளிக்காந்தம் சுற்றினால் உள்ளே இருப்பதும் கூடவே சுற்றும். கசிய வழி இல்லை, உங்கள் ஃபேன் கவர் பிழைக்கும்.

ஆனால் உள்ளே இம்பெல்லரைத் தாங்கிச் சுற்றவிடுகிற புஷ்ஷுக்கு கிரீஸும் கிடையாது, ஆயிலும் கிடையாது, நீங்கள் ஏற்றுகிற ஆசிட்தான் அதற்கு லூப்ரிகேஷனும் கூலிங்கும். ஆசிட் இல்லாமல் ஓடினால் சிலிக்கான் கார்பைடு புஷ் மளமளவென்று சூடேறும், சுற்றியுள்ள பிபி இளகும், அந்த நேரம் பார்த்து யாராவது வால்வைத் திறந்து குளிர்ந்த ஆசிட்டை விட்டால் புஷ் படீரென்று விரிசல் விடும். சர்வீஸுக்கு வருகிற மேக்னடிக் பம்புகளில் பெரும்பாலானவை இப்படிச் செத்தவைதான், ஆசிட் அரித்து வருவது குறைவு. கார்பன் புஷ் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், உங்கள் ஆசிட்டுக்கு அதுவே போதும், நைட்ரிக் ஆசிட் மாதிரி ஆக்சிஜனேற்றும் சரக்குக்கு மட்டும் ஆகாது.

அதனால் பம்ப் வாங்கும் காசோடு டேங்கில் ஒரு லோ லெவல் ஸ்விட்ச், ஸ்டார்ட்டரில் லோடு குறைந்தால் மோட்டாரை நிறுத்துகிற ஒரு பவர் மானிட்டர் இரண்டுக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். ஆம்பியரைப் பார்த்து ட்ரிப் செய்கிற ரிலே வேண்டாம். சின்ன மோட்டாரில் லோடு இல்லாவிட்டாலும் ஆம்பியர் பெரிதாக இறங்காது, கிலோவாட் இறங்கும். பம்ப் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருக்கட்டும், சக்‌ஷன் வால்வை அரைகுறையாக மூடி ஃப்ளோ குறைக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் அந்த வால்வின் கைப்பிடியையே கழற்றி வைத்துவிடுங்கள், டெலிவரி பக்கம் குறைத்துக்கொள்ளலாம்.

கம்பிக்காரர்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதே பம்பில் தொட்டி ஆசிட்டையும் சுற்றவிடுகிற உங்கள் யோசனை வேண்டாம் நண்பரே. ஸ்டோரேஜ் டேங்கில் இருப்பது சுத்தமான ஆசிட், பிக்லிங் தொட்டியில் இருப்பது வேறு சரக்கு. இரும்பிலிருந்து உரிகிற மில் ஸ்கேலில் (சூட்டில் உருட்டும்போது படிகிற ஆக்சைடு செதில்) காந்தம் இழுக்கிற மேக்னடைட் இருக்கிறது, பெயரே சொல்கிறது, அது நேராகப் போய் உள்காந்தத்தைச் சுற்றி ஒட்டிக்கொண்டு கப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கடைசியில் ஓட்டை போடும். கப் ஓட்டையானால் ஆசிட் மோட்டார் பக்கம் வந்துவிடும். ஸ்ட்ரெய்னர் போடலாமே என்பார்கள், பொடி நைஸாக இருக்கும், அதைப் பிடிக்கிற வலை இரண்டு நாளில் அடைத்து சக்‌ஷனைப் பட்டினி போடும், பிறகு மறுபடியும் அதே ட்ரை ரன் கதை. தொட்டிக்குள் இறக்குகிற வெர்ட்டிக்கல் பம்ப் பாருங்கள், அதில் ஆசிட்டுக்குள் சீலும் இல்லை, காந்தமும் இல்லை.

முலாம்பட்டறை:
நன்றி, தொட்டி விஷயத்தை விட்டுவிடுகிறேன். இன்னொரு சந்தேகம். பக்கத்து யூனிட்டில் 98 சதவீத சல்ஃப்யூரிக் ஏற்றுகிறார்கள், அவர்களும் இதே மாடலை வாங்கலாமா?

பம்ப்சர்வீஸ்:
கூடாது. முதலில் அந்த அடர்த்தியில் பிபி தாங்காது, பிஎஃப்ஏ (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) லைனிங் மாதிரி வேண்டும். இரண்டாவது எடை. உங்கள் ஆசிட் தண்ணீரைப் போல 1.16 மடங்கு, அது 1.84 மடங்கு, அதே உயரத்துக்கு அதே அளவு ஏற்ற மோட்டாரும் காந்தமும் அந்த விகிதத்தில் கூடுதலாக இழுக்க வேண்டும். தண்ணீர்க் கணக்கில் வாங்கிய காந்தம் பிடி நழுவிவிடும். மோட்டார் ஓடும், பிரஷர் கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கும். அப்போது ஸ்விட்சை அணைத்து, முழுக்க நின்ற பிறகு மறுபடி போட்டால் பிடித்துக்கொள்ளும். கவனிக்காமல் நழுவ விட்டே ஓட்டினால் காந்தம் சூடேறி நிரந்தரமாக வலு இழக்கும். வாங்கும்போது என்ன ஆசிட், எத்தனை சதவீதம், எத்தனை டிகிரி என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் பம்பைப் பிரிக்கிறவரிடம் சொல்லி வையுங்கள், முதலில் ஆசிட்டை வடித்துத் தண்ணீரில் அலச வேண்டும். இரண்டு காந்தமும் சேரும்போது விரல் நடுவில் மாட்டினால் நசுங்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது.