பழைய பிக்கப் வண்டியில் ஐடில் வேகம் குறைகிறது: ஆலோசனை தேவை

வணக்கம். என்னிடம் உள்ளது ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் முறையில் இயங்கும் பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி. குளிர்ந்த நிலையில் சீராக ஓடும் எஞ்சின், சூடேறிய பின் வண்டி நிற்கும்போது (ஐடிலில்) 700 முதல் 750 வரை இருக்க வேண்டிய ஆர்பிஎம் 450-க்கு இறங்கி, ஸ்டீயரிங் நடுங்க, ஏசியைப் போட்டதும் அணைந்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்தால் குறையேதும் தெரிவதில்லை.

எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடியைக் கழற்றியபோது தகட்டின் விளிம்பில் கரி தடித்துப் படிந்திருந்தது. துடைத்த பின் ஓரளவு முன்னேற்றம் தெரிந்ததே தவிர கோளாறு தீரவில்லை. வேக்கம் (வெற்றிட) குழாய்களில் கசிவு இருந்தால் ஐடில் பெரும்பாலும் ஏறி இறங்கித் தடுமாறும். இங்கோ அது தாழ்ந்தே நிற்கிறது. எஞ்சின் ஓடும்போது, ஐடிலில் செல்லும் காற்றின் அளவைச் சரிசெய்யும் ஐடில் ஏர் கன்ட்ரோல் வால்வின் கனெக்டரைப் பிடுங்கினாலும் ஆர்பிஎம் அசையவில்லை என்பதால், என் சந்தேகம் அந்த வால்வின் மீதே விழுகிறது.

மெக்கானிக், திராட்டில் தகடு எவ்வளவு மூடலாம் என்பதை நிர்ணயிக்கும் ஸ்டாப் ஸ்குரூவைத் திருகி வேகத்தைக் கூட்டிவிடலாம் என்கிறார்; அது கோளாறை மூடி மறைப்பதாகும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. புதிய வால்வு வாங்கும் முன், பழுது வால்வில்தானா, அதற்கு வரும் வயரிங்கிலா என்பதை மல்டிமீட்டர் கொண்டு எப்படி உறுதி செய்வது? வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு முழுதாக மூடாமல் சிக்கியிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும் என்பதால், இந்த இரு வால்வுகளில் எதை முதலில் சோதிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.