விசா மறுப்பு: மேல்முறையீடா, சீராய்வா, பிழையாய்வா?

அல்சூரிலிருந்து:
வணக்கம். பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் நம் செவிலியர், பொறியாளர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வரைவில், விசா மறுக்கப்பட்டவர் அம்முடிவை மீண்டும் பார்க்கக் கேட்கும் 'அட்மினிஸ்டிரேடிவ் ரிவ்யூ' என்பதை 'மேல்முறையீடு' என்று போட்டிருக்கிறார்கள். அது ஆபத்து. இங்கே பெங்களூரிலிருந்து விண்ணப்பித்தவருக்கு 28 நாள் அவகாசம், கட்டணம் 80 பவுண்டு. நீதிபதி கிடையாது, வேறோர் அலுவலர் பழைய கோப்பில் பிழை உண்டா என்று பார்ப்பார், அவ்வளவே. புதிய ஆவணங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. 'மேல்முறையீடு' என்று படித்தவர் புது வங்கி அறிக்கைக்குக் காத்திருந்தே கெடுவைத் தவறவிடுவார். நல்ல சொல் தாருங்கள்.

ஜெயநகரிலிருந்து:
'நிர்வாக மறுவாய்வு'. 'மறுஆய்வு' என்று எழுதுவது பிழை. 'மறு' முற்றியலுகரம், உயிர் வந்தால் வகர உடம்படுமெய் தோன்றியே தீரும்.

ஸ்ரீராம்புரத்திலிருந்து:
இலக்கணம் சரிதான் ஐயா. ஆனால் அச்சில் 'மறு வாய்வு' என்றுதான் கண்ணில் படும். செய்தித்தாள்கள் பழக்கிய 'சீராய்வு' இருக்கிறதே?

அல்சூரிலிருந்து:
'சீராய்வு மனு' என்றதும் உச்ச நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். மறுபடியும் நீதிபதியிடமே போய் நிற்கிறோம். 'பிழையாய்வு' எப்படி? அலுவலரின் பிழையைத் தேடுவதுதானே வேலை.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:
யாருடைய பிழை என்று சொல்லில் இல்லையே? வேலைக்கு எடுக்கும் நிறுவனம் தான் வழங்கும் ஸ்பான்சர்ஷிப் சான்றில் தொழில் குறியீட்டையோ சம்பளத்தையோ தவறாகப் பதிந்திருந்தால் இந்த வழி உதவாது. புதுச் சான்று, புது விண்ணப்பம்தான். ரிவ்யூ நிலுவையில் இருக்கும்போது புதிதாக விண்ணப்பித்தால் ரிவ்யூ கைவிடப்பட்டதாகிவிடும். 'சான்றிதழ்' என்றும் எழுத வேண்டாம். அது காகிதமே இல்லை, கணினிப் பதிவின் எண். வழங்கிய 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.
அமெரிக்க வேலை விசாவான எச்-1பி பக்கத்தில் 'மேல்முறையீடு' அப்படியே இருக்கட்டும். அதற்கு ஐ-290பி படிவம், 30 நாள் கெடு. முடிவு தபாலில் வந்திருந்தால் 33. ஆனால் மனு நிறுவனத்துடையது, முறையிட வேண்டியதும் நிறுவனமே. தூதரகம் கூடுதல் ஆவணம் கேட்டு 221(ஜி) பிரிவில் விசாவை நிறுத்தினால் முறையீடே இல்லை. கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். விசாவுக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமான ஸ்பான்சருக்கு என்ன சொல்?

ஜெயநகரிலிருந்து:
'புரவலர்'. புரத்தல் என்றால் காத்தல். சோழர் கல்வெட்டுகளில் 'புரவுவரித் திணைக்களம்' வருகிறது. அந்தத் 'திணைக்களம்' இலங்கையின் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் இன்றும் வாழ்கிறது. குடிவரவுக் கையேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்?

ஸ்ரீராம்புரத்திலிருந்து:
புரவலர் பாணனுக்குப் பரிசில் தருபவர், ஐயா. இங்கே தொழிலாளி இரவலர் அல்லர். உழைப்புக்குக் கூலி வாங்குபவர். இலங்கை வழக்கில் 'அனுசரணையாளர்' உண்டு.

ஜெயநகரிலிருந்து:
அனுசரணை வடசொல்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:
ஸ்பான்சர் லத்தீன். விண்ணப்பப் படிவத்தில் ஆள் தேடப்போவது அந்தச் சொல்லைத்தான்.

அல்சூரிலிருந்து:
மூவர் ஒப்பியதால் 'ஸ்பான்சர்' அப்படியே நிற்கிறது. ரிவ்யூவுக்கு 'நிர்வாகச் சீராய்வு'. முதல் முறை வரும் இடத்தில் 'நீதிமன்றம் அல்ல, புது ஆவணம் பொதுவாகச் செல்லாது' என்று தடித்த எழுத்தில் சேர்க்கிறேன்.

ஜெயநகரிலிருந்து:
சீராய்வுக்கு உடன்படுகிறேன். ஸ்பான்சருக்கு இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் 'பிணையர்' என்பதையாவது எடுத்துப் பேச வேண்டும்.