1959-இல் பதிவான ஜாஸ் இசை இத்தனை தெளிவாக ஒலிப்பது எப்படி?

கேள்வி (பழையதட்டு):
ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தொகுப்பை அண்மையில் நல்ல ஹெட்போனில் கேட்டபோது, சிம்பலின் (டிரம்ஸோடு வரும் உலோகத் தட்டு) மெல்லிய அதிர்வும் பேஸ் கம்பியில் விரல் படும் ஓசையும்கூடத் தனித்தனியே கேட்டன. அதே ஆண்டுகளின் தமிழ்த் திரைப்பாடல்களோ இணையத்தில் பெரும்பாலும் மங்கலாகவே கிடைக்கின்றன. இந்தத் தெளிவு மூல டேப்பிலேயே இருந்ததா, பிற்காலத்தில் கணினியில் மெருகேற்றியதால் வந்ததா?

பதில் (சுருள்நாடா):
மூல டேப்பிலேயே இருந்தது. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-ஆவது தெரு ஒலிப்பதிவுக் கூடம் முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். அதன் உயர்ந்த கூரை இசைக்கு இயல்பான விரிவைத் தந்தது. அக்காலத்து வால்வு (வெற்றிடக் குழல்) மைக்குகளும் இன்றைய நல்ல மைக்குகளுக்குச் சளைத்தவை அல்ல. ஜெர்மனியின் நாய்மன் நிறுவனத்துப் பழைய மைக்குகளை இன்றும் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது டேப்பின் அகலத்தை. அரை அங்குல டேப்பில் மூன்றே தடங்கள் (தனித்தனியே ஒலி பதியும் பட்டைகள்) என்பதால், 1970-களில் இரண்டு அங்குல டேப்பில் 24 தடங்களைப் பதிந்தபோது ஒரு தடத்துக்குக் கிடைத்ததைப்போல் இருமடங்கு இடம் இங்கே கிடைத்தது; தடம் அகன்றால் டேப்பின் இரைச்சல் குறையும். கலைஞர்கள் ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததால், பதிந்ததன்மேல் மீண்டும் பதிந்து பிரதிமேல் பிரதி எடுக்கும் தேவையும் பெரிதாக இல்லை.

பதில் (ஐயப்பேர்வழி):
பொற்காலப் புகழ்ச்சியைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். அதே தொகுப்பின் முதல் அமர்வில், 1959 மார்ச் 2 அன்று, பதிவுக் கருவி சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது இசைத்தட்டின் முதல் பக்கப் பாடல்கள் மூன்றும் பல்லாண்டுகள் சுருதி கூடியே ஒலித்தன. உடன் ஓடிய மாற்றுக் கருவியின் டேப்பைக் கொண்டு 1992-இல்தான் அது சரிசெய்யப்பட்டது. ஆகவே நீங்கள் கேட்பது மூலத்தின் தரமும் பிற்காலத் திருத்தமும் சேர்ந்தது.

பழையதட்டு:
நன்றி. அப்படியானால் நம் பாடல்களின் மூலப் பதிவே தரம் குறைந்ததா?

பதில் (சுருள்நாடா):
இணையத்தில் கேட்பதை வைத்து அப்படித் தீர்ப்பளிக்க முடியாது, நண்பரே. அக்காலத் திரைப்படச் சுருளின் ஓரத்தில் ஒளிவழி பதியப்பட்ட ஒலித்தடத்தில் ஏறத்தாழ 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூரிய ஒலிகள் அதிகம் எஞ்சாது. திரையரங்கப் பிரதியிலிருந்து எடுத்த பாட்டில் சிம்பலின் மினுமினுப்பு முதலில் காணாமல் போவது இதனால்தான். தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்து, கரகரப்பை நீக்குகிறோம் என்று மென்பொருளால் வழித்தெடுத்த பிரதிகள் இன்னும் மோசம். இரைச்சலோடு பாடகரின் மூச்சும் போய்விடுகிறது. ஒரே பாட்டின் இரண்டு மூன்று வெளியீடுகளை ஒப்பிட்டுக் கேளுங்கள். கரகரப்பு சற்று மிஞ்சியிருக்கும் பிரதியில்தான் பெரும்பாலும் குரல் உயிரோடு இருக்கும்.